பாவையும் நூற்பாவும்

கொல்லிமலை என்றதும் தமிழ் கற்றோர் நினைவில் இருவர் எழுவர். ஒருவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் வைத்து எண்ணப்படும் குறுநில மன்னன். மற்றொருத்தி கொல்லிப்பாவை, மலையின் மேற்குப் பக்கத்தில் தெய்வம் எழுதியதாகப் பாட்டுகள் கூறும் பெண்ணுரு. மன்னன் வாழ்ந்து மறைந்தவன். பாவை கற்பனையில் நின்றவள். எனினும் சங்கப் பாட்டுகளில் இவ்விருவரும் அருகருகே நிற்கின்றனர்.

குறுந்தொகையின் 100-ஆம் பாட்டில் கபிலர் பாவையைக் காட்டும்போது மலை ஓரியினுடையது. அதே தொகையின் 89-ஆம் பாட்டில் பரணர் பாவையைக் காட்டும்போது மலை சேரனாகிய பொறையனுடையது. இடையில் நிகழ்ந்தது என்ன என்பதை அகநானூற்றின் 209-ஆம் பாட்டில் கல்லாடனார் தெரிவிக்கிறார். முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று, பலாப்பயன் மிகுந்த கொல்லியைச் சேரர்க்கு அளித்தான். காரி ஓரியின் தெருவுக்குள் புகுந்தபோது எழுந்த ஆரவாரம் நற்றிணையின் 320-ஆம் பாட்டில் கேட்கிறது. சிறுபாணாற்றுப்படை இருவரும் பொருததை மட்டுமே குறிக்க, மலை கைம்மாறிய செய்தியைத் தெளிவாக வைத்திருப்பவை இந்த அகப்பாட்டுகளே.

காதற்பாட்டுகள் ஒரு மலையின் அரசியல் வரலாற்றைக் காத்தது தற்செயல் அன்று. அதற்குக் காரணம் ஒரு விதி. அகத்திணைப் பாட்டில் தலைவனையோ தலைவியையோ இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. காதலர் பெயரின்றி நிற்க வேண்டும். ஆகவே பெயர்கள் அனைத்தும் உவமைக்குள் ஒதுங்கின. தலைவியின் பெயர் தெரியாது; அவளுக்கு உவமையான பாவையின் மலை தெரியும், அம்மலைக்குரிய மன்னன் பெயர் தெரியும். வாயிலில் அடைபட்ட வரலாறு பக்கச் சாளரத்தின் வழியே உள்ளே வந்தது.

விதி என்பது கற்பனைக்குப் பகை என்று எண்ணுவோர் இச்செய்தியைக் கருத வேண்டும். விதி எவ்வாறு கற்பனையை வளர்க்கிறது, எந்த இடத்தில் அதனை நெருக்கத் தொடங்குகிறது என்பது தமிழ்ப் பொருளிலக்கண வரலாற்றின் உள்வினா. இதே வினா இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டில் முற்றிலும் வேறான ஒரு துறையிலும் எழுந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்து, மாயவுலகில் வேடமேற்றுப் பேசி ஆடும் ஆட்டங்களின் விதிநூல்களே அத்துறை. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல இடமில்லை. இரண்டையும் அருகில் வைத்துப் பார்த்தால் விதிநூல்களின் பொது இயல்பு ஒன்று புலப்படுகிறது.

பேசுபவர் யார்?

மேற்கூறிய பாட்டுகளைப் பாடியவர் கபிலர், பரணர், கல்லாடனார். பேசுபவர் அவர்கள் அல்லர். குறுந்தொகை 100-இல் பேசுபவன் தலைவன். 89-இல் பேசுபவள் உலக்கைப் பாட்டுப் பாடும் இளம்பெண்ணைப் பற்றிச் சொல்லும் தோழி. அகம் 209-இல், பிரிவால் மெலிந்த தலைவியைத் தேற்றும் தோழி. புலவர் தம் வாயால் எதுவும் கூறுவதில்லை. வேடம் ஏற்று, அவ்வேடத்துக்குரிய அறிவும் உணர்வும் மட்டுமே கொண்டு பேசுகிறார். தலைவன் அறிந்ததைத் தோழி அறியாள். தோழி அறிந்ததைச் செவிலி அறியாள். கேட்போர் இவ்வேற்றுமையை அறிந்திருந்தால்தான் பாட்டு பொருள்படும்.

வேடத்தை இவ்வளவு நுண்மையாக வகுத்த விதிநூல் தமிழில் தொல்காப்பியப் பொருளதிகாரம். செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளாக 34-ஐ எண்ணுகிறது. அவற்றுள் திணை, கைகோள், கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியன அடங்கும். எந்நிலத்தில், எந்நிலையில், யார், யாரிடம், எங்கே, எப்போது, எதற்காகப் பேசுகிறார் என்பதை உறுதி செய்துகொண்டே புலவர் வாய் திறக்கிறார். களவொழுக்கத்தில் பேசுதற்குரியோர் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, கிழவன், கிழத்தி என அறுவர். கற்பொழுக்கத்தில் இவர்களோடு பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் சேர்ந்து பன்னிருவர் ஆவர். ஊராரும் அயலாரும் தந்தையும் தமையனும் நேரே பேசுவதில்லை. அவர்கள் சொல் பிறர் வாய்வழியே எடுத்துரைக்கப்படும். கடலும் மரமும் விலங்கும் நெஞ்சமும் கேட்பன போலவும் சொல்வன போலவும் அமைக்கலாம்.

இவ்வளவும் ஓர் ஆட்டத்தின் ஏற்பாடு போல இருக்கிறது என்று கூறினால் இலக்கணத்தை இழித்ததாகாது. உலகில் நடப்பதையும் நாடகத்தில் புனைவதையும் சேர்த்தமைத்த புலனெறி வழக்கம் என்றே தொல்காப்பியம் அகப்பாட்டின் இயல்பைக் குறிக்கிறது. மெய்யும் புனைவும் கலக்க வேண்டும். கலப்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதே அதன் கருத்து.

மேசையில் பிறந்த ஆட்டம்

தமிழ்நாட்டுத் திண்ணைகளில் ஆடப்பெற்ற ஆடுபுலியாட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் உண்டு. புலிக்காய் நகர்த்துபவர் புலியைப் போல எண்ண வேண்டும்; ஆனால் புலியாக நின்று பேசுவதில்லை. பரமபதத்தில் பாம்பும் ஏணியும் வினைப்பயனைக் காட்டுகின்றன. ஆயினும் பகடை விழுந்த வழியே காய் செல்லும், காய்க்கு மனம் இல்லை. காய்க்கு மனமும் வாயும் கொடுத்ததே 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தின் புதுமை. பெயருக்கு நிலவறைகளும் பறவைநாகங்களும் என்று பொருள் கொள்ளலாம்.

இதன் முன்வரலாறு போர்ப்பயிற்சி ஆட்டங்களில் தொடங்குகிறது. 1969-இல் டேவிட் வெஸ்லி என்பவர், படைகளை மட்டும் மோதவிடாமல், ஒரு கற்பனை ஊரில் ஊர்த்தலைவர், மாணவர் முதலிய வேடங்களை ஆடுவோர்க்கு அளித்தார். அதில் கலந்துகொண்ட டேவ் ஆர்னெசன் 1971 முதல் ‘பிளாக்மூர்’ என்னும் மாயநாட்டைப் படைத்து நண்பர்களை அதில் உலவவிட்டார். அதே ஆண்டில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் ‘செயின்மெயில்’ என்னும் இடைக்காலப் போராட்ட விதிநூலை வெளியிட்டனர். ஆர்னெசனும் கைகாக்ஸும் சேர்ந்து எழுதியதே 1974-ஆம் ஆண்டு நூல். ஒரு பெட்டியில் 3 சிறு புத்தகங்கள். முதற்பதிப்பு 1000 படிகள்.

ஆடும் முறை எளிது. ஒருவர் நடுவர், நிலவறையின் வரைபடம் அவரிடம் மட்டுமே இருக்கும். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு வேடம் ஏற்பர்: வாள்வீரன், மந்திரம் வல்லோன், சமயகுரு. நடுவர் காட்சியைச் சொல்வார்: இருண்ட வழி, அப்பால் நீரோசை. ஏனையோர் தாம் செய்வதைச் சொல்வர். விளைவு ஐயத்துக்குரியதானால் பகடை தீர்க்கும். இவ்வாட்டத்தில் வென்றவர், தோற்றவர் என்று முடிவு இல்லை. மிஞ்சுவது கூடியிருந்தோர் சேர்ந்து புனைந்த ஒரு கதை.

முதல் நூல்களின் சுருக்கம்

1974-ஆம் ஆண்டு நூலைப் புதிதாகக் கையில் எடுத்தவர் பலர் திகைத்தனர். அது தனித்து நிற்கும் நூல் அன்று. போர் நடத்தும் முறைக்குச் ‘செயின்மெயில்’ கையில் இருப்பதாகவும், காட்டுவழிப் பயணத்துக்கு வேறொரு நிறுவனம் வெளியிட்ட ஆட்டப் பலகை கையில் இருப்பதாகவும் அது கருதிக்கொண்டது. எப்படி ஆடுவது என்பதை முன்பே ஆடியவரிடம் கேட்டுத் தெரிய வேண்டியிருந்தது.

தொல்காப்பியமும் அவ்வகையான நூலே. எனச் சொல்வர் புலவர், எனக் கூறுவர் அறிந்தோர் என்று நூற்பாதோறும் முன்னோரைச் சுட்டும் அந்நூல், தனக்கு முன்பே ஓர் ஆடுகளம் இருந்ததை மறைக்கவில்லை. துறை ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டுப் பாட்டு அதில் இல்லை. பாட்டறிந்த கூட்டத்தார்க்கு அது தேவைப்படவில்லை. பிற்காலத்தில் இளம்பூரணரும் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் உரை எழுத நேர்ந்தது அக்கூட்டம் மறைந்ததனால்தான்.

சுருக்கத்திலும் இரண்டுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. 1974-ஆம் ஆண்டு நூலுக்கு நிலம் இல்லை. நிலவறை எங்கும் இருக்கலாம். வேடத்துக்கும் மண்ணுக்கும் தொடர்பில்லை. தொல்காப்பியத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள். நிலத்திலிருந்து தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகிய கருப்பொருள்கள் கிளைக்கின்றன. குறிஞ்சிக்குச் சேயோன், கூதிர்காலமும் முன்பனியும், நள்ளிரவு. குறுந்தொகை 100-இன் கொல்லி இவ்விதியினின்று எழுந்த நிலம்: அருவிப் பரப்பில் ஐவன நெல் விதைக்கிறார்கள், களையாக முளைத்த மலைமல்லிகையைப் பறித்தெறிகிறார்கள், காந்தள் வேலியிட்ட சிற்றூரில் பசி வந்தால் யானைத் தந்தத்தை விற்று உண்கிறார்கள். கருப்பொருளைப் பட்டியலாகக் கற்ற புலவர், பட்டியலை மறந்து ஒரு மலையின் பசியைக் கண்டிருக்கிறார்.

மேற்கிலும் நிலத்தின் தேவை விரைவில் உணரப்பட்டது. 1975-இல் கென் செயின்ட் ஆண்ட்ரே, முதல் நூலின் சிக்கலைக் கண்டு ‘டனல்ஸ் அண்ட் டிரால்ஸ்’ என்னும் எளிய விதிநூலை எழுதினார். வழக்கமான ஆறுமுகப் பகடையே அதற்குப் போதும். 1978-இல் ஸ்டீவ் பெரினும் பிறரும் எழுதிய ‘ரூன்குவெஸ்ட்’ வேறு வழியில் சென்றது. வீரன், மந்திரவாதி என்ற வகுப்பு வேலியை அது நீக்கி, யாரும் எத்திறனையும் கற்கலாம் என்றது. கிரெக் ஸ்டாஃபோர்டு படைத்த ‘குளோரந்தா’ என்னும் உலகத்தோடும் அதன் தெய்வங்களோடும் விதிகளைப் பிணைத்தது. விதியும் மண்ணும் சேர்ந்தே பிறக்க வேண்டும் என்னும் நோக்கில், மூன்றினுள் ‘ரூன்குவெஸ்ட்’ ஒன்றே திணைக்கோட்பாட்டுக்கு அணித்தாக வருகிறது.

புறனடை

முதல் நூல்கள் இரண்டும் தம் குறையைத் தாமே அறிந்தவை. 1974-ஆம் ஆண்டு நூலின் இறுதியில் ஆசிரியர்கள், விடுபட்டவற்றை ஆடுவோர் தாமே எண்ணி அமைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி விலகிக்கொள்கின்றனர். தங்களுக்காகப் பிறர் கற்பனை செய்ய வேண்டுவதில்லை என்பது அவர்கள் குறிப்பு.

தொல்காப்பியத்தில் இதற்குப் பெயரே உண்டு: புறனடை. செய்யுளியலின் இறுதி நூற்பா இவ்வகையில் உயர்ந்தது. ஆராய்ந்து சொன்ன இலக்கணத்தினின்று வழுவியன போலத் தோன்றுவன வரக்கூடும். வந்தால், வந்தவற்றின் இயல்பை நோக்கியே மாறுபாடின்றி முடித்தல் தெளிந்தோர் கடமை என்பது அதன் கருத்து. பிழை என்று தள்ளுக என அந்நூற்பா கூறவில்லை. விதி காணாத ஒன்று வந்தால் வந்த பொருளே வழிகாட்ட வேண்டும் என்கிறது. உரிப்பொருள் அல்லாதன மயங்கலாம் என்று அகத்திணையியல் இடங்கொடுப்பதும் இம்மனப்பாங்கினதே.

இந்த நெகிழ்வின் சுவடு கொல்லிப்பாவைப் பாட்டிலேயே இருக்கிறது. குறுந்தொகை 100-க்கு எழுதப்பட்ட பழைய கூற்றுக் குறிப்பு இரண்டு களங்களைத் தருகிறது. தலைவன் பாங்கனிடம் சொன்னது என்பது ஒன்று. இரவில் குறி பிழைத்துத் தலைவியைக் காணாமல் திரும்புகிறவன் தன் நெஞ்சுக்குச் சொன்னது எனவும் ஆகும் என்பது மற்றொன்று. களம் மாற உணர்வும் மாறுகிறது. நண்பனிடம் சொன்னால் தலைவியின் அருமையை வியக்கும் பேச்சு. தனிமையில் சொன்னால் கைக்கு எட்டாதவளை எண்ணி நோகும் பேச்சு. சொற்கள் மாறவில்லை. விதி இறுக்கமாக இருந்திருந்தால் ஒரு குறிப்பே நின்றிருக்கும்.

கூட்டம் கலைந்த பின்

விதிநூல் விரிவது எப்போது? இதற்கு இறையனார் அகப்பொருளின் உரை ஒரு கதையால் விடை சொல்கிறது. பாண்டிநாட்டில் 12 ஆண்டுகள் வற்கடம். அரசன் புலவரைக் காக்க இயலாது, நாடு கடந்து சென்று பிழைக்குமாறு விடுத்தான். மழை பெய்து நாடு செழித்தபின் அழைத்தபோது எழுத்தும் சொல்லும் வல்லார் வந்தனர். பொருளதிகாரம் வல்லார் எவரும் கிடைக்கவில்லை. அரசன் கவன்றான். அப்போது இறைவன் 60 நூற்பாக்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழ் இட்டான் என்கிறது உரை. அவற்றுக்கு உரை காண உருத்திரசன்மன் என்னும் ஊமைப் பிள்ளையே நடுவனாக அமர, நக்கீரர் உரையைக் கேட்டபோது அவன் மெய்ம்மயிர் சிலிர்த்துக் கண்ணீர் வார்ந்தது. உரை பத்துத் தலைமுறை வாய்மொழியாக வந்ததாகவும் கூறப்படுகிறது.

இக்கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அது சொல்லும் உண்மை பெரிது. எழுத்தும் சொல்லும் தனியே இருந்தும் கற்கலாம். பொருள் கூடியிருந்து கற்பது. கூட்டம் கலைந்தால் முதலில் அழிவது அதுவே. அழிந்ததை மீட்க எழுதப்படும் நூல், முன்னறிவு இல்லாதவர்க்கும் விளங்குமாறு அமைய வேண்டும்.

அமெரிக்காவில் கூட்டம் கலையவில்லை, அளவின்றிப் பெருகியது. விளைவு ஒன்றே. நண்பர் வட்டத்தில் தீர்த்துக்கொண்டவற்றை முன்பின் அறியாதவர் தம்முள் தீர்த்துக்கொள்ள முடியவில்லை. ஊருக்கு ஊர் ஆட்டம் வேறுபட்டது. நரம்பியல் பேராசிரியரான எரிக் ஹோம்ஸ் 1977-இல் தொடக்கத்தார்க்கென ஒரு நூலைத் தொகுத்தார். அதே ஆண்டு தொடங்கி 1979-க்குள் கைகாக்ஸ் ‘அட்வான்ஸ்ட்’ என்னும் அடைமொழியோடு 3 பெருநூல்களை வெளியிட்டார்: அரக்கரும் விலங்குகளும் பற்றியது ஒன்று, ஆடுவோர் கைந்நூல் ஒன்று, நடுவர் வழிகாட்டி ஒன்று. எங்கு ஆடினும் ஒரே ஆட்டமாக இருக்க வேண்டும் என்பது அவர் நோக்கம்.

நிரப்பிய நூல்கள்

தமிழில் இந்நிரப்பும் பணியைப் புறத்தில் ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையும், அகத்தில் 13-ஆம் நூற்றாண்டில் நாற்கவிராச நம்பி இயற்றிய அகப்பொருள் விளக்கமும் செய்தன.

தொல்காப்பியம் புறத்திணை ஏழு என்று வகுத்து, ஒவ்வொன்றையும் ஓர் அகத்திணைக்கு இணையாக வைக்கிறது. குறிஞ்சிக்கு இணை வெட்சி. ஆநிரை கவர்தலும் மீட்டலும் அவ்வொன்றனுள் அடங்கும். வெண்பாமாலை, பன்னிரு படலத்தின் வழியில் நின்று, திணைகளைப் பன்னிரண்டாக்குகிறது. கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. மதிலை வளைத்தல் உழிஞை, காத்தல் நொச்சி. துறைதோறும் கருத்தைச் சொல்லும் கொளு உண்டு. அதனை விளக்கும் பாட்டும் உண்டு. கற்பார்க்கு இது எளிது. செயல் ஒவ்வொன்றுக்கும் எதிர்ச்செயல் ஒன்று என்று கண்ணாடி போல விளங்குகிறது. இழப்பு யாதெனில், அகமும் புறமும் ஒன்றையொன்று நோக்கி நின்ற பழைய இணைப்பு இப்பன்னிரண்டில் சிதைந்தது. இரவில் காதலியைத் தேடிச் செல்லும் வழியும் இரவில் ஆநிரை கவரச் செல்லும் வழியும் ஒரே மலைவழி என்ற கருத்து மறைந்தது.

நம்பியகப்பொருளில் 5 இயல்களும் 252 நூற்பாக்களும் உள்ளன. களவுக்கும் கற்புக்கும் நடுவே வரைவு என்று தனி இயல் வகுத்தது அதன் சிறப்பு. காட்சி தொடங்கி நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையுறுகின்றன. இவ்வரிசைக்குக் கோவை இலக்கியம் துணையாயிற்று. பொய்யாமொழிப் புலவரின் தஞ்சைவாணன் கோவையை நம்பியின் நூலுக்கு இலக்கியமாகவே கொள்வர். சங்கப் பாட்டு ஒரு கணத்தை மட்டும் வெட்டிக் காட்டியது. முன்னும் பின்னும் கேட்போர் கற்பனைக்கு விடப்பட்டன. கோவை முன்னும் பின்னும் அனைத்தையும் பாடியது. கேட்போர் சேர்க்க வேண்டியது குறைந்தது. அதே வேளையில், கூட்டத்தின் துணையின்றித் தனியே ஏட்டுச்சுவடியோடு இருந்த ஒருவன் அகமரபை அடிமுதல் முடிவரை கற்க வழி பிறந்தது. நம்பி இல்லையேல் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அம்மரபின் நூல் அறுந்திருக்கவும் கூடும். நிரப்பிய நூல்களை இகழ்வோர் இந்த நன்றியை மறத்தலாகாது.

எண்ணுக்குள் அடங்கிய அரக்கன்

நிரப்புதலின் எல்லையை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். கைகாக்ஸின் 1977-ஆம் ஆண்டு நூலில் இந்திய மரபின் இராட்சதன் இடம்பெறுகிறான். புலித்தலையும் மேலங்கியும் புகைக்குழாயுமாக ஒரு படம். அவனுடைய கவச வலிமை, உயிர்வலிமை, அடியின் வலிமை யாவும் எண்களில். வாழ்த்திப் புனிதமாக்கிய விசைவில் அம்பு பட்டால் இறப்பான். ஆடுவோர்க்கு இது பயன்படும். எதிரில் நிற்பவனை எவ்வாறு வெல்வது என்பது தெளிவு. ஆனால் கம்பனிடம் இராவணனைக் கண்டவர்க்கு இவ்வரக்கன் அளந்து கட்டிய மூட்டையாகவே தோன்றுவான்.

இதனோடு கொல்லிப்பாவையை ஒப்பிட வேண்டும். நற்றிணையின் 201-ஆம் பாட்டு அவளைப் பற்றிச் சொல்வது இவ்வளவே: காற்று மோதினும், மழை விரைந்து பெய்யினும், இடி எறியினும், நிலமே பெயரினும் அழகு மாறாது நிற்பவள். அவளைப் போல் என் நெஞ்சினின்றும் நீங்காள் என்று ஒரு குறவன் மகளைப் பற்றித் தலைவன் சொல்கிறான். பாவையின் உயரம் தெரியாது. ஆற்றலுக்கு அளவு இல்லை. பிற்கால வழக்கில் அவள் அசைவாள், நகைப்பாள், அந்நகையால் மயக்கி வந்தோரைக் கொல்வாள் என்ற செய்திகள் சேர்ந்தன. கொல்லும் மலையாதலின் கொல்லி என்ற பெயர்க்காரணமும் பிறந்தது. இவையும் ஒருவகை நிரப்புதலே. சங்கப் புலவர் வெற்றிடமாக விட்டதால்தான் பாவை ஒருவனுக்கு அழகாகவும், மற்றொருவனுக்கு நீங்காமையாகவும், இன்னொருவனுக்கு எட்டாமையாகவும் ஆக முடிந்தது.

வாயில் மறுக்கப்பட்டோர்

பழைய விதிநூல்களைப் போற்றும்போது அவை யாரை வெளியே நிறுத்தின என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயர், வேட்டுவர் முதலானோரிடையே தலைமக்கள் உண்டு என்று தொல்காப்பியம் ஒப்புகிறது. அடியோரும் வினைவலரும் தலைமக்களாக வருதல் அன்பின் ஐந்திணைக்குப் புறம்பான கைக்கிளை பெருந்திணைகளிலேயே என்று ஒதுக்குகிறது. அவர்களுக்கும் காதல் உண்டு. ஆனால் ஆட்டத்தின் நடுக்களம் அவர்களுக்கு இல்லை. மேற்கத்திய நூல்களும் இக்குறைக்கு விலக்கல்ல. 1978-இன் ஆடுவோர் கைந்நூல், பெண்வேடத்தின் உடல்வலிமைக்கு ஆண்வேடத்தினும் தாழ்ந்த உச்ச எல்லை வைத்தது. பறவைநாகம் பறக்கும் உலகில் வலிய பெண் மட்டும் நம்பத்தகாதவள் ஆனாள். 1989-இன் இரண்டாம் பதிப்பில் அவ்வெல்லை நீக்கப்பட்டது. மாயவுலகுக்கு எழுதிய விதியிலும் எழுதியவர் வாழ்ந்த உலகம் கலந்தே இருக்கும்.

புறனடை இவ்விடத்தில்தான் தன் பயனைக் காட்டுகிறது. இலக்கணத்தில் வழுவியது போல் வருவது பிழையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அது நேற்றுவரை பேச இடம் பெறாத ஒருவர் குரலாகவும் இருக்கலாம். அதனை எதிர்கொள்ளும் வழியை விதிநூல் தன்னுள்ளே வைத்திருந்தால், அந்நூல் தன் காலத்தின் குறையைக் கடந்து வாழும்.

மீட்சி

1885-இல் சி. வை. தாமோதரம் பிள்ளை பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டபோது எட்டுத்தொகையுள் ஒன்றும் அச்சேறியிருக்கவில்லை. கலித்தொகை 1887-இலும், உ. வே. சாமிநாதையரின் புறநானூறு 1894-இலும், புறப்பொருள் வெண்பாமாலை 1895-இலும் வெளிவந்தன. விதி முன்னே வந்தது. பாட்டுகள் பின்னே வந்தன. ஆடுவாரைக் காணாமல் விதியை மட்டும் படித்தவர்க்கு அது வறண்ட எண்ணலாகத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. பாட்டுகள் வெளிவந்த பின்னரே அவ்விதிகளுள் உயிர் இருந்தது தெரிந்தது.

மேற்கிலும் மீட்சி நிகழ்ந்தது. பெருநூல்கள் மேலும் பெருத்துச் சென்றபின், 2006-இல் ‘ஆஸ்ரிக்’ என்னும் நூல் பழைய விதிகளை மறுபடி எழுதி எவரும் பயன்படுத்தத் தந்தது. 2008-இல் மாத்யூ ஃபின்ச் எழுதிய சிறுநூல், ஒவ்வொன்றுக்கும் விதி தேடுவதைவிட நடுவர் அவ்விடத்தை நோக்கித் தீர்ப்பதே பழைய ஆட்டத்தின் உயிர் என்று வாதிட்டது. செய்யுளியலின் இறுதி நூற்பாவைக் கற்றவர்க்கு அவ்வாதம் பழகிய குரலாகவே ஒலிக்கும்.

கொல்லிமலைக்கு இன்று செல்வோர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுகின்றனர். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு; ஆடியில் அவன் பெயரால் விழா நடக்கிறது. எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவையாகக் கொண்டு வழிபடுவோர் உள்ளனர். தினையும் சாமையும் கேழ்வரகும் விளைவித்து அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர்க்குப் பாவை உவமை அன்று, காக்கும் தாய். நூலோர் அவளைத் தலைவியின் அழகுக்கு அளவாக்கினர். மலையோர் அவளுக்குப் பொங்கலிட்டனர். இரண்டும் ஒரே பாவையைப் பற்றிய இரண்டு களங்கள்.

குறுந்தொகை 100-க்கு இரண்டாம் களத்தைக் கண்டவர் முதற்களத்தை அழிக்கவில்லை. முன்னதை இருக்கவிட்டு, இவ்வாறும் ஆகும் என்று பின்னதை அருகில் எழுதினார். அவர் பெயர் தெரியவில்லை. கூடியிருந்து பாட்டுக் கேட்ட ஒரு கூட்டத்தில் யாரோ ஒருவர், தலைவன் தனியே திரும்பி வருவதாகவும் கொள்ளலாமே என்று சொல்லியிருப்பார். ஏனையோர் அதற்கு இடங்கொடுத்திருப்பர். கவிஞர் கூடும் அவைகளில் இன்றும் அவ்வொரு சொல்லுக்கு இடமிருக்கிறதா என்பதே விதிநூல்களின் வரலாறு கேட்டு நிற்கும் வினா.